கொப்பியில் இல்லாத வீடு

நீல உறை போட்ட கொப்பி அது. மழையில் நனையாமல் இருக்க அதன்மேல் ஒரு பொலித்தீன் பை. கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவைக்கு மேலே எங்கள் மேட்டில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு வரி இருந்தது. இடது பக்கம் வீட்டுக்காரரின் பெயர், அதற்குப் பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள். ஒரு மரணத்துக்கு ஒரு கட்டம். அந்த வீட்டிலிருந்து ஒருவராவது மரண வீட்டுக்கு வந்திருந்தால் சிவப்புப் பேனாவால் ஒரு சரி அடையாளம் விழும். வராவிட்டால் கட்டம் வெறுமையாகக் கிடக்கும். தொடர்ந்து மூன்று கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தால், நாளை அந்த வீட்டில் ஒரு சாவு விழும்போது மரண உதவிச் சங்கத்தின் கூடாரமும் கதிரைகளும் தேத்தண்ணி போடும் பெரிய கேத்தலும் போகாது. அப்படி ஒரு வீட்டுக்கும் போகாமல் இருந்ததில்லை. ஏனென்றால் யாரும் மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விட்டதில்லை.

எங்கள் மேட்டில் பாதிப்பேர் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவர்களின் பிள்ளைகள். நானும் அப்படித்தான். டவுனில் கடை, நகரசபை, அச்சகம் என்று ஏதோ ஒரு வேலையைப் பிடித்து, சரிவில் ஏழெட்டுப் பேர்ச் அளவில் சிறு காணி வாங்கி வீடு கட்டியவர்கள். சிங்களக் குடும்பங்களும் இருந்தன, இரண்டு முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. எங்களுக்குள் எத்தனையோ சங்கங்கள் தோன்றின. கோயில் கமிட்டி இரண்டாக உடைந்தது. தண்ணீர்ச் சங்கம் ஒரு குழாய்ச் சண்டையில் கலைந்தது. மரண உதவிச் சங்கம் மட்டும் நிலைத்தது. ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூடச் சாவு வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

அந்தச் சங்கத்தின் செயலாளரை நாங்கள் எல்லோரும் செக்ரட்டரி அக்கா என்போம். கீழே பிரதான வீதியில் சிறிய தையல் கடை வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு சாவு விழுந்தால் கடையைப் பூட்டிவிட்டு, குடையோடு மேடு ஏறி, ஒவ்வொரு கேட்டாக நிற்பார். உள்ளே வரமாட்டார். சாவுச் செய்தி கொண்டு வருபவர் வாசலுக்குள் கால் வைக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். யார் போனது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று இரண்டே வாக்கியம் சொல்வார். பிறகு ஒரு நொடி நம் முகத்தைப் பார்ப்பார். ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லாமல் திரும்பி நடப்பார்.

அந்த முகம் பார்க்கும் ஒரு நொடியை நான் அப்போது கவனித்ததில்லை. கண்டியில் ஓர் அச்சகத்தில் எழுத்துப் பிழை திருத்துவது என் வேலை. அச்சில் வந்தால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிப் பழகியவன். ஆகவே ஒரு வருடாந்தக் கூட்டத்தில் எழுந்து, இந்தக் காலத்தில் ஒரு மனுஷி மழையில் மேடேறி வீடு வீடாக நிற்பது என்ன நியாயம், தொலைபேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினால் ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் சொன்னார்: “கேட்டுக்குப் போனா மூஞ்சியப் பார்க்கலாம் தம்பி. மூஞ்சியப் பார்த்தாத்தான் வெளங்கிச்சா இல்லையான்னு தெரியும்.” நான் சிரித்தேன். “படிச்சா நீல அடையாளம் விழும் அக்கா, அதுவே போதும்” என்றேன். தலைவர் அண்ணன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், “சரி, இனிமே தம்பிதான் நம்ம டவர்” என்று கூட்டத்தை முடித்துவைத்தார்.

அதே கூட்டத்தில் இன்னொன்றையும் நான்தான் கொண்டுவந்தேன். மேட்டின் மேல் பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த இளம் தம்பதி சங்கத்தில் சேரக் கேட்டிருந்தார்கள். வாடகைக்கு வருபவர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போய்விடுவார்கள், சொந்தக் காணி உள்ளவர்களே உறுப்பினராகலாம் என்று விதி எழுதினேன். நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதினேன். அந்தப் பையன் பின்வரிசையில் நின்று கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று நாளாக மழை விடாமல் பெய்த அந்த வாரத்தில் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன. மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்காக நாவலப்பிட்டிக்குப் போயிருந்தார். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் மட்டும் வீட்டில் தனியாக இருந்தாள். அச்சகத்துக்குப் போன நான் காலை பத்து மணிக்குள் அவளுக்கு நாலு தடவை தொலைபேசி எடுத்துவிட்டேன். கேட்டைப் பூட்டினாயா, பிளக்கைத் தொடாதே, ஜன்னலைச் சாத்து. நாலாவது தடவை அவள் “சரிப்பா” என்று வைத்ததில் ஒரு சலிப்பு இருந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் பகுதியின் அரச அலுவலரான கிராம சேவகரின் செய்தி வந்தது. எங்கள் மேட்டுக்கு மேலே தேயிலைப் பகுதியில் நிலம் வெடித்திருக்கிறது, மேட்டில் உள்ளவர்கள் தாமதிக்காமல் கீழே இறங்க வேண்டும் என்று நீளமாக எழுதியிருந்தார். கையில் ஒரு கல்யாண அழைப்பிதழின் அச்சுப் படி இருந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, செய்தியைக் குழுவுக்கு அனுப்பினேன். அதன் தலையில் என் சொந்த வரி ஒன்றையும் சேர்த்தேன்: “அனைவரும் அவதானத்துடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.” இறங்குங்கள் என்ற ஒரு சொல்லை நான் என் கையால் எழுதவில்லை. நீல அடையாளங்கள் விழுந்தன. பத்துப் பதினைந்து கும்பிடும் கைகள் வந்தன. ஒருவர் நன்றி என்றார். ஒருவர் அன்றைய நாளுக்குரிய முருகன் படத்தைப் போட்டார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிறகு மகளை அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. இரண்டாம் முறை மணியும் போகவில்லை. கண்டியில் மின்சாரம் நின்றது. சற்று நேரத்தில் என் தொலைபேசியிலும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

பேராதனைக்கு அப்பால் பஸ் போகாது என்று இறக்கிவிட்டார்கள். நடந்தேன். பாலத்துக்குக் கீழே மகாவலி மரங்களையும் ஒரு வீட்டின் கதவையும் இழுத்துக்கொண்டு போனது. வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரும் வேறு வேறு ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே மண் வந்துவிட்டது என்றார்கள். எங்கள் மேட்டின் பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, ஒரு கட்டத்துக்குமேல் யாரிடமும் கேட்பதை நிறுத்திவிட்டேன். வீதி பல இடங்களில் மூடிக் கிடந்ததால் சுற்றிச் சுற்றி நாலு மணித்தியாலம் நடந்திருப்பேன். சந்தியில் திரும்பியதும் இரண்டு விஷயங்களை ஒரே பார்வையில் கண்டேன். மேட்டின் பச்சையில் மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தது. வீதி ஓரமாகக் கம்பத்துக்குக் கம்பம் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தன.

எங்கள் ஊரில் வெள்ளைக் கொடிக்கு ஒரே அர்த்தம்தான்: சாவு. சந்தியில் எப்போதும் நிற்கும் ஆட்டோக்காரர் என்னைக் கண்டு ஓடிவந்தார். நான் கேட்குமுன் அவரே சொன்னார்: “உங்க தலைவர் செத்துட்டாருன்னு காலையில கொடி கட்டினாங்க. அப்புறம் மேல மண்ணு வந்திருச்சு. எல்லாம் குழப்பமா இருக்கு, நீங்க போய்ப் பாருங்க.” அந்தக் கணத்தில் எனக்குள் வந்தது நிம்மதி. ஒரு நல்ல மனிதர் செத்தார் என்று கேட்டு நிம்மதி அடைந்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

தலைவர் அண்ணனின் வீடு வீதி ஓரத்துச் சமதரையில் இருந்தது. மனைவி இறந்தபின் தனியாக வாழ்ந்துவந்தார். முற்றத்தில் சங்கத்தின் கூடாரம், கதிரைகள், வெள்ளை உடுப்பில் மேட்டுச் சனம். கூடாரத்துக்குள் நுழைந்த என்னை முதலில் பிடித்துக்கொண்டது ஒரு நனைந்த கை. திரும்பினால் தலைவர் அண்ணன். தோளில் துவாயோடு, உயிரோடு. “பாப்பா இருக்கு தம்பி” என்றார். “இருக்கு. அந்தா, பொம்பளைங்க பக்கம் பாருங்க.” மகள் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளிடம் இருந்த வெள்ளை உடுப்பு அது ஒன்றுதான். நான் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. “போனை ஏன் எடுக்கல?” என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்து, “வீடு போயிருச்சுப்பா” என்றாள்.

நடந்ததைத் தலைவர் அண்ணன் பிறகு சொன்னார். கிராம சேவகர் அக்காவுக்கும் சொல்லியிருக்கிறார். அக்கா உடனே மேடேறி, முதல் ஒன்பது வீடுகளில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். ஒருவரும் அசையவில்லை. “இந்த மழையப் பார்த்துத்தானே அக்கா வீடு கட்டினோம்” என்றது ஒரு வீடு. “க்ரூப்ல வந்திச்சு, பார்த்தோம். அவதானமா இருக்கத்தானே சொல்லியிருக்காரு? அவதானமாத்தான் இருக்கோம்” என்றது இன்னொன்று. அக்கா இறங்கிவந்து தலைவர் அண்ணனின் முற்றத்தில் நின்றார்.

“அண்ணே, ஒங்கள ஒரு ரெண்டு மணித்தியாலத்துக்குச் சாகடிக்கணும்.”

“இந்த மழையிலயா?” என்றாராம் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி. நெஞ்சு வலின்னு சொல்லு தங்கச்சி. குடிச்சுச் செத்தான்னு சொல்லிப்புடாத. நீ போ, கதிரைய நான் போடுறேன். என் சாவுக்கும் நான்தான் வேலை செய்யணும் போல” என்றாராம்.

அக்கா இரண்டாம் முறை மேடேறினார். கேட்டுக்கு வெளியே நின்று, தலைவர் போய்விட்டார், மழை கூடுமுன் எடுக்கப்போகிறோம், வீட்டுக்கு ஒருவர் போதாது, எல்லோரும் வரவேண்டும், தலை எண்ணித்தான் கொப்பியில் போடுவேன் என்றார். மேடு காலியானது. சற்று முன்வரை அசையாமல் இருந்தவர்கள் வெள்ளை உடுத்தி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மழையில் படி படியாக இறங்கினார்கள். அழுதுகொண்டே முற்றத்துக்குள் வந்த ஒரு அம்மா, துவாயோடு நின்றவரைக் கண்டு குடையாலேயே அவரை அடித்தாராம். அதற்குப் பிறகு கோபம் கிளம்பியது. “உசிரோட இருக்கிற மனுசன வச்சு வெளையாடுறியா? வாய் கூசல்ல?” என்று அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா முற்றத்து வாசலை மறித்து நின்றார். “திட்டுங்க. உள்ள வந்து திட்டுங்க, நனையாதீங்க” என்றார். சிலர் அவரைத் தள்ளிக்கொண்டு திரும்பி ஏறத் தொடங்கினார்கள். அவர்கள் முதல் திருப்பத்தை அடையுமுன் மேலே பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டியது போல ஒரு சத்தம் கேட்டது.

ஐந்து வீடுகள் போயின. எங்களுடையது அதில் ஒன்று.

அக்கா கொப்பியை எடுத்தார். மழைத்துளி விழாமல் தலைவர் அண்ணன் குடை பிடிக்க, வரி வரியாகப் பெயரை வாசித்து, ஆளைக் கண்ணால் பார்த்துச் சரி போட்டார். ஒரு வரியும் வெறுமையாக இல்லை. எல்லோரும் இருக்கிறார்கள் என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். சிலர் அழுதார்கள், சிலர் கும்பிட்டார்கள். அக்காவைத் திட்டியவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியே கால்மணி நேரம், அல்லது அதற்கும் மேல், போனது. அதன்பின் என் மகள் எழுந்து, “வாடகை வீட்டு அண்ணனும் அக்காவும் எங்க?” என்று கேட்டாள்.

அவர்களுக்குக் கொப்பியில் வரி இல்லை.

அக்கா அந்த வீட்டுக்கும் போயிருந்தார். அந்தப் பெண் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, நாங்கள் மெம்பர் இல்லையே என்றிருக்கிறாள். இல்லாவிட்டாலும் வாங்க என்றாராம் அக்கா. அவர் தூங்குகிறார், பிறகு வருகிறோம் என்று ஜன்னல் சாத்தப்பட்டது. இன்னும் எத்தனையோ வீடு இருந்ததால் அக்கா நடந்துவிட்டார். நான் வந்து சேர்ந்தபோது ஆண்கள் மேலே மண்வெட்டிகளோடு நின்றார்கள். நானும் போனேன். இருட்டுவதற்குச் சற்று முன்னால் அந்தப் பெண்ணை உயிரோடு எடுத்தோம். அவனை மறுநாள்தான் எடுக்க முடிந்தது. முற்றத்தில் கூடாரம் ஏற்கனவே கட்டியிருந்தது, கொடிகளும் இருந்தன. அவற்றை அவனுக்காக நாங்கள் அவிழ்க்காமல் விட்டோம்.

நாலாம் நாள் அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண் எங்களைத் திட்டவில்லை. ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னாள்: “மண்ணு வருதுன்னு சொல்லியிருந்தா வந்திருப்போம் அக்கா. அவரு சின்னதுல தோட்டத்து லய வீட்டுல மண்ணு விழுந்து தப்பின ஆளு. மண்ணுன்னா அவ்வளவு பயம்.” அக்கா அவள் காலடியில் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். சரிசெய்ய அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா கொப்பியைத் தலைவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, கலகெதரயில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். பஸ் ஏற்றிவிட நான் போனேன். விதியை எழுதியது நான், அதைச் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனேன். அவர் முந்திக்கொண்டார். “எல்லாருக்கும் ஒரே பொய்யச் சொல்லிட்டேன் தம்பி. மூஞ்சியப் பார்த்துப் பேசுறவன்னு எனக்கு நானே பெருமை பேசிக்கிட்டிருந்தேன். அந்தப் புள்ள மூஞ்சி ஜன்னலுக்குள்ள இருந்திச்சு, நின்னு பார்க்கல்ல.” நான் என் விதியைப் பற்றிச் சொன்னேன். கேட்டார். “அத எழுதினதும் நீங்கதான், நீக்கப்போறதும் நீங்கதான்” என்றார். பஸ் புறப்பட்டபோது அவர் கை காட்டவில்லை.

விதியை எடுக்கும் கூட்டத்தில் ஒரு சிக்கல் வந்தது. வீடு போனபின் நாங்கள் கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். நான் எழுதிய விதிப்படி நான் உறுப்பினரே அல்ல. கூட்டத்தில் பேச எனக்கு உரிமை இல்லை. அதை ஒருவர் எழுந்து சொல்லவும் செய்தார். தலைவர் அண்ணன், “நான் செத்தவன், அவரு மெம்பர் இல்ல. ரெண்டு பேருமாச் சேர்ந்து கூட்டத்த நடத்துறோம், நீங்க உக்காருங்க” என்றார். சிரிப்பு எழுந்து பாதியிலேயே அடங்கியது. அன்று விதி போனது. செயலாளர் வேலை என் தலையில் விழுந்தது.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடுப்பு மடித்துக்கொண்டிருந்த மகள் தானாகச் சொன்னாள். “அப்பா, அன்னிக்கு நீங்க க்ரூப்ல போட்டத நான் பார்த்தேன்.” அவள் அதைப் பார்க்கவே இல்லை என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். நான் அழைத்தபோதும் வேண்டுமென்றேதான் எடுக்காமல் விட்டிருக்கிறாள். “நீங்க தெனமும் பயந்துக்கிட்டேதானே இருப்பீங்க. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன். செக்ரட்டரி அக்கா வந்து சாவுன்னதும், அம்மாவும் இல்ல, நீங்களும் இல்ல, நம்ம கட்டம் வெறுமையா இருக்கக்கூடாதேன்னு யூனிஃபோர்ம போட்டுக்கிட்டு எறங்கினேன்.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் வெளியே போய்க் குழாயடியில் வெகுநேரம் நின்றேன். அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே எடுத்தது நான் சிரித்து ஒதுக்கிய அக்காவும் அவர் கொப்பியும். அவளை அதற்குள்ளேயே இருக்கவைக்கப் பார்த்தது என் அக்கறை.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லா வீட்டுக்கும் போகிறேன். சாவு இல்லாத நாளாகப் பார்த்துப் போகிறேன். உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறேன். ஆரம்பத்தில் என்னைக் கேட்டில் கண்டாலே அடுப்படியிலிருந்து ஒரு ‘ஐயோ’ கேட்கும். அந்த ஐயோ குறைய ஆறேழு மாதம் எடுத்தது. குழுவில் படங்கள் போடுவதை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை. மகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எடுக்கிறேன். பல நாட்களில் இரண்டு.

இந்த வருடத்து மழையில் மறுபடி கிராம சேவகரின் செய்தி வந்தது. நான் வீட்டில் இருந்தேன். “நீங்க மேல் பக்கம், நான் கீழ் பக்கம்” என்று மகள் குடையை எடுத்தாள். அவளைப் போகவிடுவதா என்று யோசிக்க அவள் எனக்கு நேரம் தரவில்லை. நான் முதலில் போனது, மேலே மிஞ்சியிருந்த ஒரு வீட்டுக்கு மாதத் தொடக்கத்தில் வாடகைக்கு வந்திருந்த பெண்ணிடம். சனிக்கிழமைச் சுற்றில் இன்னும் அந்த வீட்டுக்கு நான் போயிருக்கவில்லை. கையில் கரண்டியோடு வந்தவர், நனைந்துபோய் நின்ற என்னைக் கண்டு, “யாருங்க தவறிட்டாங்க?” என்றார்.

“யாரும் இல்லம்மா. மேல நிலம் வெடிச்சிருக்கு, மண்ணு வரலாம். புள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பவே எறங்கணும்.”

“வாரோம், நீங்க போங்க.”

எனக்கு இன்னும் பதினாறு வீடுகள் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் என்னை அனுப்பிவிடும் மரியாதை மட்டும்தான் இருந்தது. கேட்டைத் திறந்து உள்ளே போய், வாசல்படியில் நின்றேன். “நீங்க வாற வரைக்கும் நிக்கிறேன்” என்றேன். அவர் ஏதோ முணுமுணுத்தார். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அலுமாரி திறந்து மூடியது. பிள்ளை அழுதது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவே மேட்டின் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வெளியே வந்து படி இறங்கிய பிறகுதான் அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

அன்று மேடு அசையவில்லை. மறுநாள் வெயில் அடித்தது. போகலாம் என்று கிராம சேவகர் சொன்னதும், ஒரு முழு நாளைத் தலைவர் வீட்டு முற்றத்தில் கழித்த எரிச்சலோடு எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறிப்போனார்கள். அந்தப் பெண்ணும் ஏறும்போது என் முன்னால் நின்றார். “அரை வேக்காட்டுல அணைச்ச பருப்பு, பானையோட கெட்டிருக்கும்ங்க” என்றார். பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

பருப்புக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.